சுருங்கிய சட்டையும் சொல்லப்படாத அளவும்

புதிதாக வாங்கிய பருத்திச் சட்டை முதல் சலவையிலேயே அக்குளில் பிடிப்பதும், பனியன் இடுப்புக்கு மேலே ஏறி நிற்பதும், குர்த்தியின் கை மணிக்கட்டை எட்டாமல் போவதும் எந்த வீட்டுக்கும் புதியவை அல்ல. அப்படிச் சுருங்கிய ஆடை பெரும்பாலும் வீட்டில் இளையவருக்குப் போகிறது. இளையவர் இல்லாவிட்டால் அலமாரியின் அடித்தட்டில் சில காலம் கிடந்து, இறுதியில் தரை துடைக்கும் துணியாகிறது. அதைப் பழைய அளவுக்கு, முழுமையாக இல்லாவிட்டாலும் உடுத்தத்தக்க அளவுக்கேனும் மீட்க முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களும், எந்தத் துணியில் அது கைகூடும், எதில் கைகூடாது என்ற வேறுபாட்டை அறியாமல் முயன்றுவிட்டுச் சலித்துப் போகிறார்கள்.

முப்பதாண்டுகளுக்கு மேல் பொருளாதாரம் கற்பித்தவனுக்குத் துணி துவைப்பதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். சுருக்கத்தில் நாம் இழப்பது துணியை மட்டுமன்று; கொடுத்த விலையில் ஒரு பகுதியையும் இழக்கிறோம். அந்த இழப்பு யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்ற கேள்வி என் துறைக்கு உரியதுதான். ஆனால், அதற்குமுன் துணி ஏன் சுருங்குகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

சுருங்கியது என்றவுடன் நூலே குட்டையாகிவிட்டது என்று எண்ணுகிறோம். பருத்தியைப் பொறுத்தவரை நடப்பது வேறு. பருத்தி இழை நீரை உறிஞ்சும்போது அதன் நீளத்தில் ஏற்படும் மாற்றம் மிகச் சிறியது. அது தடிமனில்தான் பருக்கிறது. நெய்த துணியில் பாவு நூலும் ஊடை நூலும் ஒன்றன் மேலும் கீழுமாக வளைந்து வளைந்து செல்கின்றன. ஒரு நூல் பருத்துவிட்டால், அதைச் சுற்றிக்கொண்டு போகும் மற்றொரு நூல் முன்னைவிட அதிகமாக வளைந்தாக வேண்டும். நூலின் நீளம் மாறாமல் வளைவு மட்டும் கூடினால், துணியின் நீளம் குறையத்தானே செய்யும்? கிணற்றுக் கயிற்றின் முடிச்சு நனைந்த பிறகு அவிழ மறுப்பதும், தொய்ந்துபோன கயிற்றுக் கட்டிலில் தண்ணீர் தெளித்தால் அது சற்று இறுகுவதும் இதே போன்ற காரணத்தால்தான்.

இதனுடன் இன்னொன்றும் சேர்கிறது. நூற்பாலையிலிருந்து கடை வரை துணி தொடர்ந்து இழுபட்டுக்கொண்டே வருகிறது. பாவு ஓட்டும்போதும், தறியில் நெய்யும்போதும், சாயப்பட்டறையில் உருளைகளின் மீது ஓடும்போதும் அது நீளவாக்கில் இழுக்கப்படுகிறது. கடைசியாக ஸ்டென்டர் எனப்படும் இயந்திரம் ஈரத்துணியின் இரு ஓரங்களையும் பற்றி, அகலவாக்கில் இழுத்துப் பிடித்தபடியே சூடான காற்றில் உலர்த்துகிறது. பருத்தி என்பது செல்லுலோஸ். அதன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரத்தில் தளர்ந்து, உலரும்போது மீண்டும் பிடித்துக்கொள்ளும். இழுத்த நிலையில் உலர்த்தினால் துணி அந்த நிலையிலேயே நின்றுவிடும். மறுபடியும் நனையும் நாள் வரைதான் அது நீடிக்கும். நம் வீட்டு வாளியில் அல்லது சலவை இயந்திரத்தில் துணி முதன்முறையாக யாரும் பிடித்து இழுக்காத நிலையில் நனைகிறது, பிணைப்புகள் விடுபடுகின்றன, துணி தன் இயல்பான அளவுக்குத் திரும்புகிறது. அதாவது, சலவைக்குப் பிறகு நாம் பார்ப்பதுதான் அதன் உண்மையான அளவு. கடையில் பார்த்தது தற்காலிகமானது.

பின்னலாடைகளில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். பனியன் துணியில் குறுக்கும் நெடுக்குமான நூல்கள் இல்லை. கோத்த வளையங்களே உள்ளன. வளையத்தை நீளவாக்கில் இழுத்தால் அது ஒடுங்கி நீளும்; விட்டால் அகன்று குறுகும். துவைத்த பனியன் உயரத்தில் குறைந்து, சில வேளைகளில் அகலத்தில் கூடி, பெட்டி போன்ற வடிவம் பெறுவதற்கு இதுவே காரணம். சூடான நீரும், உலர்த்தும் இயந்திரத்தில் துணி உருண்டு புரளும் அலைச்சலும் இந்தத் தளர்வை விரைவுபடுத்துகின்றன. ஒரே சலவையில் முடிந்துவிடாமல் நான்கைந்து சலவைகள் வரை சிறிது சிறிதாகச் சுருங்கும் துணிகளும் உண்டு.

ஈரத்தில் இழுத்து உலர்த்துவதால் துணி நீள்கிறது என்றால், ஆலையில் செய்ததை வீட்டிலும் செய்யலாம் அல்லவா? நம் வீட்டுப் பெண்கள் இதை எந்தப் பாடப்புத்தகத்தையும் படிக்காமலே செய்துவந்தார்கள். பருத்திப் புடவையைத் துவைத்துக் கஞ்சி போட்டு, அரை ஈரமாக இருக்கும்போது மொட்டை மாடியில் இருவர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு ஒரு முனையைப் பற்றிக்கொண்டு, உதறி இழுத்து, ஓரங்களைச் சரிசெய்து மடிப்பார்கள். சுருக்கம் நீக்குவதற்காக என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த அந்த வேலை, புடவை இழந்த நீளத்தையும் அகலத்தையும் மீட்கும் வேலையும்தான். காயும் கஞ்சி அந்த அளவைப் பிடித்து நிறுத்தும். அடுத்த சலவையில் புடவை மீண்டும் சுருங்கும், மீண்டும் இழுப்பார்கள். ஒருமுறை இழுத்தால் என்றைக்குமாக நிலைக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். இன்று செய்பவர்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் என் பேத்தியின் பருத்திக் குர்த்தி ஒன்று இரண்டே சலவையில் நீளத்தில் 5 சென்டிமீட்டர் குறைந்துவிட்டது. வாங்கிய கடையில் கேட்டபோது, “பருத்தின்னா சுருங்கத்தான் செய்யும் சார்” என்ற பதில்தான் கிடைத்தது. அவளிடமிருந்த அதே அளவுள்ள இன்னொரு குர்த்தியைத் தரையில் விரித்த துவாலையின் மீது வைத்து, அதன் ஓரங்களைச் சுற்றிக் குண்டூசியால் குறித்துக்கொண்டோம். கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீர் அரை வாளி; அதில் தலைமுடிக்குப் போடும் கண்டிஷனர் இரண்டு தேக்கரண்டி. அரை மணி நேரம் ஊறவிட்டு, முறுக்கிப் பிழியாமல், உள்ளங்கைகளால் அழுத்தி நீரை வெளியேற்றி, வேறொரு துவாலையில் பாய் போலச் சுருட்டி மிச்ச ஈரத்தை ஒற்றி எடுத்தோம். பிறகு குறித்த இடத்தில் விரித்து, முதலில் தோளிலிருந்து கீழ்நோக்கியும், அடுத்துப் பக்கவாட்டிலும் சிறிது சிறிதாக இழுத்தோம். ஒரே இடத்தைப் பிடித்து வேகமாக இழுத்தால் அந்த இடம் மட்டும் கொம்பு முளைத்தது போல நீண்டுவிடும். தையல் ஓரங்களை உள்ளங்கையால் பரவலாகப் பிடிக்க வேண்டும். எட்டிய அளவில் ஓரங்களின் மீது கனமான புத்தகங்களைப் பிளாஸ்டிக் தாள் விரித்து வைத்தோம். என் நூலகத்தின் தடித்த புள்ளியியல் நூல்களுக்கு ஓய்வுக்குப் பிறகு கிடைத்த முதல் வேலை அது. நிழலில் காய்ந்தபின் அளந்தபோது மூன்றரை சென்டிமீட்டர் திரும்பியிருந்தது. “போதும் தாத்தா, போட்டுக்கலாம்” என்றாள்.

கண்டிஷனரில் மாயம் எதுவும் இல்லை. பிணைப்பைத் தளர்த்துவது தண்ணீர்தான். கண்டிஷனரில் உள்ள, இழையின் மீது படியும் இயல்புடைய பொருள்கள் வழவழப்பைத் தருகின்றன; நூல்கள் ஒன்றின் மீது ஒன்று வழுக்கி நகர்வது எளிதாகிறது. துணி துவைத்தபின் ஊற்றும் மென்மையூட்டியும் இதே வேலையைச் செய்யும். பனியன், டி-ஷர்ட் போன்ற பின்னலாடைகளில் இந்த முறை நன்கு பலிக்கும். ஏனெனில் வளையம் விட்டுக்கொடுக்கும். நெருக்கமாக நெய்த சட்டைத் துணியில் அந்த அளவுக்கு எதிர்பார்க்கக் கூடாது. சட்டையை ஈரம் காயும் முன்பே, இழுத்துப் பிடித்தபடி நீராவி இஸ்திரி போடுவதுதான் அதற்குச் சிறந்த வழி. கழுத்துப்பட்டை மட்டும் பிடிக்கிறது என்றால் இழுப்பதைவிடப் பொத்தானை அரை சென்டிமீட்டர் தள்ளித் தைப்பது அறிவுடைமை.

ரேயான் எனும் விஸ்கோஸ் துணியில் தனிக் கவனம் வேண்டும். இதுவும் செல்லுலோஸ்தான் என்றாலும் நனைந்தால் பருத்தியைவிட அதிகம் பருக்கும். அதனால் அதிகம் சுருங்கும். ஈரத்தில் பருத்தியின் வலிமை கூடுகிறது. ரேயானின் வலிமையோ பெருமளவு குறைந்துவிடுகிறது. எனவே நனைந்த ரேயானைப் பருத்தியைப் போல இழுத்தால் கிழியும். முக்கால்வாசி காய்ந்த பிறகு, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை நகர்த்திக்கொண்டே மெல்ல இழுத்தால் நல்ல பலன் தரும். குறைந்த விலைக் குர்த்திகளிலும் நைட்டிகளிலும் ரேயான் மிகுதியாகப் பயன்படுவதால் இதைச் சொல்ல நேர்ந்தது.

பாலியெஸ்டர் சலவையில் எளிதில் சுருங்காது. ஆலையிலேயே அதிக வெப்பத்தில் அதன் அளவு நிலைநிறுத்தப்பட்டுவிடுகிறது. மிகையான சூட்டில் அது சுருங்கினால் மீட்பது அரிது. இதில் நமக்குள்ள சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பருத்திச் சட்டையைப் பாலியெஸ்டர் நூலால் தைத்திருப்பார்கள். துணி சுருங்கும், தையல் நூல் சுருங்காது. தையல் நெடுகிலும் சுருக்கு விழும். பருத்தி வேட்டியின் பளபளக்கும் கரை அலையலையாக நெளிவதும், உடல் பகுதி சுருங்கியும் கரை சுருங்காமலும் நிற்பதால்தான். இதற்கு ஈரத்தில் இழுத்து இஸ்திரி போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

கம்பளியின் கதையே வேறு. கம்பளி இழையின் மேற்பரப்பில் ஓடு வேய்ந்தது போன்ற நுண்ணிய செதில்கள் ஒரே திசையை நோக்கி அமைந்திருக்கின்றன. சிறுவயதில் புல் கதிரைச் சட்டைக் கைக்குள் விட்டு விளையாடியவர்களுக்குத் தெரியும்: கையை அசைக்க அசைக்க அது மேல்நோக்கி மட்டுமே ஏறும், இறங்காது. சுடுநீரும் சவர்க்காரமும் அலைச்சலும் சேரும்போது கம்பளி இழைகள் அவ்வாறே ஒருதிசையில் நகர்ந்து, செதிலோடு செதில் மாட்டி, அடர்ந்துவிடுகின்றன. காஷ்மீரத்து நம்தா விரிப்புகளை இந்த இயல்பை வேண்டுமென்றே பயன்படுத்தித்தான் செய்கிறார்கள். அப்படி அடர்ந்து தடித்துவிட்ட கம்பளிச் சட்டையை எந்தக் கண்டிஷனராலும் மீட்க இயலாது. பின்னலின் வளையங்கள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் சுருக்கம் வெறும் தளர்வுதான். குளிர்ந்த நீரில் ஊறவைத்து, விரித்து, குண்டூசி குத்திக் காயவைத்தால் பெரும்பகுதி திரும்பும். வளையங்கள் மறைந்து மெத்தை போலாகிவிட்டால் முயற்சியை விட்டுவிடலாம்.

பட்டுப் புடவையில் வீட்டுச் சோதனைகளே வேண்டாம். பட்டும் சரிகையும் வெவ்வேறு வகையில் நீருக்கு எதிர்வினை காட்டும், சாயமும் இறங்கக்கூடும். புடவையை உருளையில் ஏற்றி இழுத்து நேராக்கித் தரும் கடைகள் நம் ஊர்களில் இருக்கின்றன. ‘ரோலிங்’ என்று பெயர்ப்பலகை வைத்திருப்பார்கள். அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடலாம்.

இனி என் துறைக்கு வருகிறேன். தையற்காரரிடம் துணி கொடுத்துத் தைத்த காலத்தில், சுருக்கம் ஓர் ஒளிவுமறைவான செய்தியாக இருக்கவில்லை. “துணிய நனைச்சுக் காய வெச்சுக் குடுங்க சார்” என்று எங்கள் தெருத் தையற்காரர் எப்போதும் சொல்வார். புடவைக்கு ஃபால்ஸ் தைப்பவர்கள் முதலில் ஃபால்ஸை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைப்பார்கள். ரவிக்கையின் உள்துணிக்கும் அதே நடைமுறைதான். பள்ளிச் சீருடையின் கீழ்விளிம்பில் நான்கு விரற்கடை உள்மடிப்பு வைப்பார்கள். பிள்ளையின் வளர்ச்சி, துணியின் சுருக்கம் இரண்டுக்கும் சேர்த்துச் செய்த ஏற்பாடு அது. வெட்டுவதற்கு முன்பே சுருக்கிவிட வேண்டும் என்ற இந்த அறிவு, வாங்குபவருக்கும் தைப்பவருக்கும் இடையே கைமாறிக்கொண்டிருந்தது. ஆயத்த ஆடை வந்தபின் அந்த வாய்ப்பு வாங்குபவரிடமிருந்து போய்விட்டது. வெட்டுவதும் தைப்பதும் தொழிற்சாலையில் முடிந்துவிடுவதால், முன்கூட்டியே சுருக்கும் பொறுப்பும் அங்கேதான் இருக்க வேண்டும்.

அதற்கான தொழில்நுட்பம் ஏறத்தாழ நூறாண்டுப் பழமையுடையது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள டிராய் நகரம் ஒரு காலத்தில் சட்டைக் கழுத்துப்பட்டைக்குப் பெயர் பெற்றது. கழுத்துப்பட்டையைத் தனியாகக் கழற்றி மாட்டும் சட்டைகளை அன்று ஆண்கள் அணிந்தனர். முதல் உலகப் போரிலிருந்து திரும்பியவர்கள் இணைத்துத் தைத்த மென்மையான பட்டையை விரும்பத் தொடங்கியதும், கழற்றும் பட்டையின் சந்தை சரிந்தது. இணைத்துத் தைத்த சட்டையோ துவைத்தால் கழுத்தை இறுக்கியது. அந்நகரின் கிளூயெட் பீபாடி நிறுவனத்தைச் சேர்ந்த சான்ஃபோர்டு கிளூயெட், ஈரத்துணியைத் தடித்த பட்டையின் மீது ஓட்டி, பட்டை சுருங்கும்போது துணியையும் நீளவாக்கில் நெருக்கிவிடும் முறையைக் கண்டறிந்தார். 1930-இல் காப்புரிமை பெற்ற அந்த முறை அவர் பெயராலேயே ‘சான்ஃபரைஸ்டு’ என்று வழங்கியது. என் தலைமுறையினர் சட்டைத் துணியின் ஓரத்தில் அந்தச் சொல்லை அச்சில் பார்த்திருப்பார்கள். எஞ்சிய சுருக்கம் 1 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அந்த முத்திரைக்கான நிபந்தனை. நிறுவனம் அந்த முறையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாமல் மற்ற ஆலைகளுக்கும் உரிமத்தின் பேரில் கொடுத்தது. தரம் பேணினால்தான் முத்திரையைப் பயன்படுத்தலாம். கண்ணால் பார்த்து அறிய முடியாத ஒரு பண்பை நம்பி வாங்க அந்த முத்திரை உதவியது.

1970-இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார்களைப் பற்றியது. பொருளின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்ற நிலையில், நல்ல பொருளை விற்பவர் அதற்குரிய விலையைப் பெற முடியாமல் சந்தையை விட்டு விலகுவார். மட்டமானதே மிஞ்சும் என்பது அதன் சாரம். 2001-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வகுப்பில் இதைக் கற்பித்தபோதெல்லாம் பழைய காரை எடுத்துக்காட்டாகச் சொல்லி வந்தேன். பனியனும் அதே அளவுக்குப் பொருத்தமானதுதான்.

காரணம் எளிய கணக்கில் இருக்கிறது. பின்னல் துணி மீட்டர் கணக்கில் அல்லாமல் கிலோ கணக்கில் கைமாறுகிறது. ஒரு சதுர மீட்டர் துணியின் எடையைத் திருப்பூரில் ஜி.எஸ்.எம். என்பார்கள். தளர்ந்த இயல்பு நிலையில் 180 கிராம் எடையுள்ள துணியை, சற்று இழுத்த நிலையில் 160 கிராமாக வெட்டினால் என்ன ஆகும்? முன்னதில் 100 கிலோவுக்கு ஏறத்தாழ 555 சதுர மீட்டர் கிடைக்கும், பின்னதில் 625. ஒரு சட்டைக்கு 1 சதுர மீட்டர் என்று கணக்கின் வசதிக்காக வைத்துக்கொண்டால், அதே நூலில், அதே சாயத்தில் 70 சட்டைகள் கூடுதல். முதல் சில சலவைகளில் அந்தத் துணி 160 கிராமிலிருந்து 180 கிராமுக்குத் திரும்பும்போது, நீளத்திலும் அகலத்திலும் சமமாகச் சுருங்குவதாகக் கொண்டால், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 6 விழுக்காடு குறையும். 70 சென்டிமீட்டர் உயரச் சட்டையில் அது 4 சென்டிமீட்டர். அந்தக் கூடுதல் 70 சட்டைகளுக்கான துணியை 625 வாங்குபவர்களும் தங்கள் உடம்பிலிருந்து நான்கு நான்கு சென்டிமீட்டராகக் கொடுத்திருக்கிறார்கள்.

இதைத் தடுக்கும் வழி திருப்பூருக்குத் தெரியாததன்று. துணியை நீராவியில் தளர்த்தி, உருளைகளுக்கிடையே நெருக்கி அனுப்பும் காம்பாக்டிங் அங்கே அன்றாட வேலை. ஏற்றுமதி ஆணை என்றால், துணியில் சதுரமாகக் குறியிட்டு, துவைத்து, உலர்த்தி, குறிகளுக்கிடையே உள்ள தொலைவை மீண்டும் அளந்து அறிக்கை தர வேண்டும். பின்னலாடையில் பொதுவாக 5 விழுக்காட்டைச் சுற்றி வரம்பு வைப்பார்கள். மீறினால் சரக்கு நிராகரிக்கப்படும். வெளிநாட்டுக் கொள்முதலாளர் அந்த எண்ணைக் கேட்கிறார், கிடைக்கிறது. உள்நாட்டில் நாம் விலையை மட்டும் கேட்கிறோம். அதுவும் குறைவாகக் கிடைக்கிறது. தொழில்முனைவோரை இதற்காகப் பழிக்க எனக்கு மனமில்லை. நன்றாகச் சுருக்கி வெட்டுபவரின் சட்டைக்குத் துணிச்செலவு கூடும். ஆனால் கடை அலமாரியில் அவருடைய சட்டையும் அடுத்தவருடையதும் ஒன்று போலவே தெரியும். அவர் எதைக் காட்டிக் கூடுதல் விலை கேட்பார்?

இந்தச் சிறு இழப்பு எல்லாருக்கும் ஒரே அளவில் வலிப்பதில்லை. 600 ரூபாய்ச் சட்டையை 60 முறை உடுத்தினால் ஒருமுறைக்கு 10 ரூபாய். மூன்று சலவையில் அது பிடிக்காமல் போனால் ஒருமுறைக்கு 200 ரூபாய். பத்துச் சட்டை வைத்திருப்பவர் இதைக் கவனிக்கவும் மாட்டார். ஜூன் மாதத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் இரண்டிரண்டு செட் சீருடை வாங்கி, அதை வைத்தே அடுத்த ஏப்ரல் வரை ஓட்ட வேண்டிய குடும்பத்துக்கு, அக்டோபரில் ஒரு சட்டை போடமுடியாமல் போவது கடன் வாங்க வேண்டிய செலவு. அதற்கு அஞ்சித்தான் தாய்மார்கள் இரண்டு அளவு பெரிதாகவே வாங்கி, பாதி ஆண்டு பிள்ளையைத் தொளதொளவென்று அனுப்புகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? ஆயத்த ஆடையில் அளவையும் அதிகபட்ச சில்லறை விலையையும் குறிப்பிட நம் எடையளவு விதிகள் வற்புறுத்துகின்றன. துவைத்தபின் அந்த அளவு எவ்வளவு எஞ்சும் என்பதைச் சொல்லும் கட்டாயம் இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள்ளும், காலம் சொல்லப்படாவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பதை நேர்மையற்ற வணிகமுறை என்கிறது. ஆனால், குறை என்பது சட்டமோ ஒப்பந்தமோ விற்பவரின் கூற்றோ வகுத்த தரத்திலிருந்து குறைவதாகும். சுருக்கத்துக்கு எண் எதுவும் சொல்லப்படாதபோது எதிலிருந்து குறைந்தது என்று வழக்காடுவது? கடைக்காரர் “பருத்தின்னா சுருங்கும்” என்று சொல்லிவிடுகிறார். அதில் பொய்யும் இல்லை. அமெரிக்காவில் 1938-லேயே கூட்டாட்சி வணிக ஆணையம் நெய்த பருத்தித் துணிகளுக்கு இதுபற்றி விதி வகுத்தது: முன்கூட்டியே சுருக்கப்பட்டது என்று சொல்லி விற்றால், இன்னும் எவ்வளவு விழுக்காடு சுருங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். சுருங்கும் என்பதையே விளம்பரமாக்கியவர்களும் உண்டு. லீவைஸ் நிறுவனம் சுருங்கிப் பொருந்தும் ஜீன்ஸை விற்றபோது, இடுப்பிலும் நீளத்திலும் எத்தனை அங்குலம் கூட்டி வாங்க வேண்டும் என்றும் வாடிக்கையாளருக்குச் சொன்னது.

எனவே நான் கேட்பது தடையன்று, மானியமுமன்று. கழுத்துப்பட்டைச் சீட்டில் இன்னும் ஒரே ஒரு வரி. ‘சலவைக்குப் பின் சுருக்கம்: நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு’ என்று அச்சிட்டால் போதும். ஏற்றுமதிக்காகச் சோதிக்கும் கூடங்கள் திருப்பூரிலேயே இருக்கின்றன. ஒரு தொகுதித் துணிக்கு ஒரு சோதனை என்றால், சட்டை ஒன்றுக்கு வரும் செலவு மிகச் சிறியது. 8 விழுக்காடு என்று எழுதியிருந்தாலும் எனக்கு மறுப்பில்லை. ஓர் அளவு பெரிதாக வாங்கிக்கொள்வேன், அல்லது 3 விழுக்காட்டுச் சட்டைக்கு இன்னும் ஐம்பது ரூபாய் கொடுப்பேன். அந்தத் தேர்வு இப்போது என்னிடம் இல்லை.

அந்த வரி அச்சாகும் வரை ஒன்று செய்யலாம். புதிய ஆடையைத் துவைப்பதற்கு முன், தோள்பட்டை முதல் கீழ்விளிம்பு வரையிலும், அக்குளுக்குக் கீழே குறுக்கிலும் அங்குல நாடாவால் அளந்து, ரசீதின் பின்புறம் எழுதி வையுங்கள். முதல் சலவையைக் குளிர்ந்த நீரில் செய்து, உருட்டி உலர்த்தும் இயந்திரத்தில் போடாமல், ஈரத்திலேயே தையல் ஓரங்களை இழுத்துவிட்டு நிழலில் காயப்போடுங்கள். காய்ந்தபின் மீண்டும் அளந்து அதே ரசீதில் எழுதுங்கள். அடுத்த முறை அதே நிறுவனத்தின் ஆடையை வாங்கும்போது எந்த அளவைக் கேட்க வேண்டும் என்பதற்கும், குறை மிகுதியாக இருந்தால் 30 நாட்களுக்குள் கடைக்காரரிடம் காட்டுவதற்கும் அந்த இரண்டு எண்கள் பயன்படும்.